குடிக்காத ஐந்து கிளாஸ்

அந்த ஞாயிற்றுக்கிழமை கடலாடிப் பக்கத்திலிருந்து இரண்டு வேன்கள் கிளம்பின. முதல் வேனில் பால்சாமியும் அவர் மனைவி இருளாயியும் இருந்தார்கள். பின்னால் வந்த வேனில் கருத்தம்மாள், அவர் மகன் வீரமணி, அவருடைய தங்கை நாகலெட்சுமி. ஐந்து பேருக்கு ஒரு வேனே தாராளம். ஆனால் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரே வண்டியில் ஏறிப் போனால், சம்பந்தம் முடிந்துவிட்டது என்று ஊர் எடுத்துக்கொள்ளும். இன்னும் முடியவில்லை.

போன மாதம் கருத்தம்மாள் பால்சாமியின் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜாதகம் பொருந்தியிருந்தது. வீரமணிக்குக் கமுதிப் பக்கம் சூரிய மின்நிலையத்தில் வேலை. பையனுக்கும் பெண்ணுக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டது என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரிந்தது. இருளாயி காபி கொண்டுவந்து வைத்தாள். கருத்தம்மாள் டம்ளரில் கை வைத்துக்கொண்டே, பிள்ளை என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டார்.

ஓட்டலில் ஆபீஸ் வேலை என்றுதான் பால்சாமி ஊரில் சொல்லி வைத்திருந்தார். அதையே சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் மகேஸ்வரி முந்திக்கொண்டாள். உச்சிப்புளியைத் தாண்டிக் கடலோரத்தில் ஒரு ரிசார்ட் இருக்கிறது, அதில் கப்பல் மாதிரியே கட்டிய பார் இருக்கிறது, அங்கே தனக்குக் கேப்டன் வேலை என்றாள்.

கருத்தம்மாள் டம்ளரிலிருந்து கையை எடுத்துவிட்டார். காபியில் ஆடை படிந்தது.

பேச்சு முடியாத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து முறை. குடித்துவிட்டால் சம்மதம் என்று பொருள். அதன் பிறகு வேண்டாம் என்று சொன்னால் அது பகை. விருந்தாளி குடிக்காமல் வீட்டுக்காரரும் குடிப்பதில்லை. கருத்தம்மாள் எழுந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

"பிள்ளை வேலை பாக்குற எடத்தை ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேண்ணே" என்றார்.

கணவர் போன பிறகு குண்டு மிளகாய்க் கொல்லையைத் தனியாளாக நடத்திவருகிறவர் அவர். களத்தில் காய்வதைக் கையில் அள்ளிப் பார்க்காமல் எந்த வியாபாரிக்கும் அவர் விலை சொன்னதில்லை.

இடைப்பட்ட நாட்களில் வீரமணி போனில் மகேஸ்வரியிடம் ஒரு யோசனை சொன்னான். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, அப்புறம் மெல்லப் பேசிச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றான். அவள் மறுத்துவிட்டாள். அப்படிச் சொல்லிவிட்டால் பிறகு தினமும் ஒளிந்து ஒளிந்துதான் வேலைக்குப் போக வேண்டியிருக்கும் என்றாள். மதுரையில் கேட்டரிங் படித்து, தட்டு எடுக்கும் வேலையில் சேர்ந்து, தன் குரலால் கேப்டன் தொப்பியை வாங்கியவள் அவள். அவனையும் விட மனமில்லை, தொப்பியையும் விட மனமில்லை. இரண்டில் எது போகும் என்று அந்தப் பிற்பகலில் தெரிந்துவிடும்.

இரண்டு வீட்டிலும் எல்லாவற்றையும் யோசித்தார்கள். என்ன புடவை கட்டுவது, யார் முன்னால் இறங்குவது, எந்த ஊரில் நின்று பூ வாங்குவது. தாங்கள் போவது குடிப்பதற்கென்றே கட்டிய இடம் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் தகரக் கூரை போட்ட பெரிய கிடங்கு மாதிரி இருந்தது. மே மாத வெயிலில் தென்னைகளுக்கு நடுவே அது கண்ணைக் கூச வைத்தது. வாசலில் பழைய காலத்துக் கப்பல் டிக்கெட் மாதிரி அச்சடித்த அட்டை கொடுத்தார்கள். ஐந்து டிக்கெட்டையும் பால்சாமியே வாங்கினார். மதியப் பயணம் குடும்பங்களுக்கானது, மது கிடையாது என்று அங்கே ஒரு பலகை இருந்தது. கருத்தம்மாள் அதை நின்று நிதானமாகப் படித்தார்.

உள்ளே போனதும் வெயில் காணாமல் போனது. மர வளைவுகள், பித்தளை விளக்குகள், வட்ட ஜன்னல்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றும் ஒரு திரை. அவற்றில் பாம்பன் கடல் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தார் வாசனையும் உப்புக் காற்றும் எங்கிருந்தோ வந்தன. தரைக்கு அடியில் இயந்திரம் இருந்ததால் பலகைத் தளமும் லேசாக அசைந்தது. மேசைகளைச் சுற்றி, கிளாஸ் வழுக்கி விழாதபடி பித்தளைக் கம்பி ஓடியது. பின்சுவரில் இருந்த நீண்ட அலமாரியை ஒரு பாய்மரத் துணி மூடியிருந்தது. சாயங்காலம் அந்தத் துணியை எடுப்பார்கள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கியது. கருத்தம்மாள் அந்தத் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ராமேசுவரத்தில் தரிசனம் முடித்து வந்த திருப்பூர்க் குடும்பங்கள் மூன்று மேசைகளை நிரப்பியிருந்தன. ஒரு மூலையில் கூலிங் கிளாஸைக் கழற்றாத ஆண்கள் நான்கு பேர்.

சங்கு ஊதியது. மேல்தளத்துப் படியில் மகேஸ்வரி இறங்கி வந்தாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், தோளில் தங்கப் பட்டை, தலையில் தொப்பி, காலரில் சின்ன மைக். பால்சாமி மகளை அந்த உடையில் பார்த்ததில்லை. உட்கார்ந்திருந்தவர் தன்னையறியாமல் எழுந்துவிட்டார். இருளாயி வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"பயணிகளுக்கு வணக்கம். இந்தக் கப்பல் கிளம்பிட்டா நடுவுல எங்கயும் நிக்காது. கரை தெரியணும்னா நான் சொல்ற நேரத்துல, நான் சொல்றதைக் குடிக்கணும்" என்றாள் மகேஸ்வரி. கூட்டம் சிரித்தது.

முதல் கிளாஸ் வந்தது. அதன் பெயர் துறைமுகம். நன்னாரியும் எலுமிச்சையும் சோடாவும் கலந்து, மேலே நொறுக்கிய ஐஸ். கேப்டன் கையை உயர்த்தியதும் எல்லா மேசைகளும் குடித்தன. ஒரு மேசை மட்டும் குடிக்கவில்லை.

ஐந்து பேரும் ஐந்து கிளாஸையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழக்கரையையும் ராமநாதபுரத்தையும் சுற்றி, கொளுத்தும் வெயிலில் வந்தவர்கள். நாகலெட்சுமிக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு வாதாடிப் பார்த்தார். இது பெண் வீடு இல்லையே, ஒரு கம்பெனியின் கடைதானே, இங்கே குடித்தால் எப்படிக் கணக்காகும் என்றார். டிக்கெட் வாங்கியது யார் என்று கருத்தம்மாள் திருப்பிக் கேட்டார். இந்தப் பக்கம் பால்சாமி, விருந்தாளி குடிக்காமல் தான் குடிக்கக் கூடாது என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டார். ஐஸ் கரைந்தது.

அந்த இடத்தை நடத்துகிற ரிஃபாய் கீழக்கரைக்காரர். துபாயில் பல வருடம் ஓட்டல் தொழிலில் இருந்துவிட்டு வந்தவர். விருந்தாளி தொடாத கிளாஸ் என்றால் அதில் ஏதோ குறை என்பது அவர் அங்கே கற்றது. குறை என்ன என்று கேட்டு விருந்தாளியைச் சங்கடப்படுத்தக் கூடாது, எடுத்துக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கொடுக்க வேண்டும், காசு வாங்கக் கூடாது. அவர் புன்னகையோடு வந்து ஐந்து கிளாஸையும் எடுத்துப்போய், கவுண்டருக்குப் பின்னால் இருந்த தொட்டியில் கொட்டினார். ஐந்து புதிய கிளாஸ் வந்தன. அவற்றையும் ஒருவரும் தொடவில்லை. அவை கரைந்ததும் அதையும் கொட்டினார்.

கருத்தம்மாள் இருந்த இடத்திலிருந்து அந்தத் தொட்டி நேராகத் தெரிந்தது.

கப்பல் நடுக்கடலுக்கு வந்தது. ஜன்னல்களில் கடல் கருநீலமானது. இரண்டாவது கிளாஸில் இளநீரும் நுங்கும், சங்குப்பூ போட்ட நீலத் தண்ணீரும் இருந்தன. மகேஸ்வரி சொன்னபடி எல்லோரும் எலுமிச்சைச் சாற்றை விட்டதும் நீலம் ஊதாவாக மாறியது. மற்ற மேசைகளில் போன் வைத்துப் படம் எடுத்தார்கள். இந்த மேசையில் நீலம் நீலமாகவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ரிஃபாய் அதே புன்னகையோடு வந்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். தொட்டியில் நுங்கு விழுகிற சத்தம் கேட்டது.

"நுங்கைக் கொட்டுறானே படுபாவி" என்று கருத்தம்மாள் முனகினார்.

பிறகு வீரமணியின் பக்கம் திரும்பி, "ஏலே, குடிக்கலைன்னா வச்சிட்டுப் போகச் சொல்லுடா. நாம பார்த்துக்கிட்டாவது இருப்போம்" என்றார்.

வீரமணி போய்ச் சொன்னான். ரிஃபாய்க்கு அது விளங்கவில்லை. அவர் பதற்றமாகி, இன்னும் நிறைய நுங்கு போட்டு ஐந்து கிளாஸ் அனுப்பிவைத்தார்.

பயணத்தின் அடுத்த கட்டமான சூறைக்காற்று தொடங்கும் நேரத்தில் மூலை மேசைக்காரர்களில் ஒருவன் எழுந்தான். பைக்குள் இருந்த தண்ணீர்ப் பாட்டிலில் தண்ணீர் இல்லை என்பது அவன் நடையில் தெரிந்தது. தளம் ஆடத் தொடங்கியிருந்தது. அவன் தள்ளாடிக்கொண்டே படியேறிப் போய், மகேஸ்வரி நின்ற இடத்தில் இருந்த சுக்கான் சக்கரத்தைப் பிடித்தான். கப்பலைத் தான் ஓட்டப்போவதாகவும், கேப்டனம்மா பக்கத்தில் நின்று ஒரு செல்பி எடுக்க வேண்டும் என்றும் சொன்னான். பால்சாமி எழுந்தார். வீரமணியும் எழுந்தான். மகேஸ்வரி அவர்கள் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டினாள். இருவரும் உட்கார்ந்தார்கள்.

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். ஆட்டம் நின்றது. காற்று நின்றது.

"பயணிகள் கவனிக்கவும். குருசடைத் தீவு வந்துருச்சு. இந்த அண்ணன் இங்கன இறங்கிக்கிறேங்கிறாரு. அவரை இறக்கிவிட்டுட்டுத்தான் கப்பல் கிளம்பும்" என்றாள். குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

ரிஃபாய் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். மூன்று மணி வெயில் வெள்ளைத் தகடு மாதிரி உள்ளே விழுந்தது. வெளியே தென்னந்தோப்பும் ஒரு நாயும் தெரிந்தன. திருப்பூர்க்காரர்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள். அவனுடைய கூட்டாளிகளே, "எறங்கு மாப்ள, தீவுல நல்லா இரு" என்றார்கள். அவன் சக்கரத்தை விட்டுவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். கதவு மூடியது. ரிஃபாய் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

நாற்பது பேரை வைத்து மிளகாய் பறிக்கிற கருத்தம்மாள், சும்மாடு போல மடித்து வைத்திருந்த கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கத்தவே இல்லையே" என்றார், யாரிடமும் இல்லாமல்.

சூறை மறுபடி கிளம்பியது. மூன்றாவது கிளாஸ் வந்தது. கருப்பட்டியும் புளியும் கரைத்து, கிளாஸின் விளிம்பு முழுக்க மிளகாய்ப்பொடி ஒட்டியிருந்தார்கள். விளக்குகள் அணைந்தன. தளம் இப்போது நன்றாகவே ஆடியது. ஜன்னல்களில் அலை எழும்பி உடைந்தது. மேலிருந்து மெல்லிய சாரல் விழுந்தது. இந்தக் கிளாஸை எல்லோரும் காலி செய்தால்தான் சூறை அடங்கிக் கரைவிளக்கு தெரியும் என்பது பயணத்தின் சட்டம். மகேஸ்வரி அதைச் சொன்னாள். தினமும் சொல்லும் வாக்கியம் என்பதால் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். மேசைகள் ஒவ்வொன்றாகக் கிளாஸைக் கவிழ்த்து வைத்தன. இருட்டில் ஒரே ஒரு மேசையில் மட்டும் ஐந்து கிளாஸ் விளிம்பு வரை நிறைந்து நின்றன.

கப்பல் ஆடிக்கொண்டே இருந்தது.

முதலில் சிரித்தார்கள். பிறகு திரும்பிப் பார்த்தார்கள். ஒரு திருப்பூர்ப் பெண், தனக்கு வயிற்றைப் புரட்டுகிறது, சீக்கிரம் குடியுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டாள். மூலையிலிருந்து ஒருவன், "பாட்டி, ஒரே மடக்கு, உங்களாலதான் கரை தெரியலை" என்றான். கை தட்டு தாளமாக மாறியது. குடிங்க, குடிங்க என்று கப்பல் முழுக்கச் சேர்ந்து சொன்னது. நாகலெட்சுமியின் கை கிளாஸுக்குப் போய்விட்டது. வீரமணி தன் கிளாஸை எடுத்து வாய் வரை கொண்டுபோய், அம்மாவைப் பார்த்துக்கொண்டு அப்படியே வைத்திருந்தான். கருத்தம்மாளின் முகம் இறுகியிருந்தது. அத்தனை பேர் முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் மறுக்க முடியாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

மகேஸ்வரிக்கும் தெரிந்தது. சக்கரத்தைப் பிடித்தபடி அவள் சும்மா நின்றால் போதும். ஐந்து கிளாஸும் காலியாகிவிடும். முறைப்படி சம்பந்தம் முடிந்துவிடும். வேலையைப் பற்றிய பேச்சே எழாது. வீரமணி இருட்டுக்குள் அவளைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பொறு என்பது போலத் தலையசைத்தான்.

அவள் கையை நீட்டிக் கரைப் பொத்தானை அழுத்தினாள்.

"அந்த டேபிள்ல பெரியவங்க ஒரு முறை வச்சிருக்காங்க. குடிக்கிறதும் குடிக்காததும் அவங்க இஷ்டம். யாரும் கேக்க வேண்டாம். கப்பல் கரைக்குப் போகுது" என்றாள்.

தாளம் நின்றது. அலைகள் தாழ்ந்தன. ஜன்னலில் தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்தது. வீரமணி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டான்.

"தாயி, நிப்பாட்டு" என்றார் கருத்தம்மாள்.

மகேஸ்வரி நிறுத்தினாள். விளக்கு அந்தத் தூரத்திலேயே நின்றது. அவள் படியிறங்கி மேசைக்கு வந்தாள். தொப்பியைக் கழற்றவில்லை. காலரில் மைக் இருப்பது நினைவில்லை. அதனால் அடுத்து அங்கே பேசியதெல்லாம் கப்பல் முழுக்கக் கேட்டது.

"கலியாணத்துக்கு அப்புறமும் இங்கனதான் வருவியா?"

"வருவேன் அத்தை."

"ராத்திரி அந்தத் துணியை எடுத்துட்டு ஊத்துறாகளே, அப்பவும்?"

"ஊத்துறவங்க வேற. ஆனா அப்பவும் நான் இங்கனதான் நிப்பேன். கப்பல் என் பொறுப்பு."

"வேலையை விட்டுர்றேன்னு எங்கிட்ட ஒரு பொய்யைச் சொல்லச் சொன்னானா என் மகன்?"

மகேஸ்வரி வீரமணியைப் பார்த்தாள். அவன் மேசையைச் சுற்றி ஓடிய பித்தளைக் கம்பியை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன்."

கப்பலில் எல்லா மேசைகளும் ஒரே சமயத்தில் சிரித்தன. கருத்தம்மாள் சிரிக்கவில்லை. ஊரில் பேசுவார்கள், பார்க்காரி என்று சொல்வார்கள் என்று நாகலெட்சுமி அவர் காதோரம் சொன்னார்.

"பேசட்டுமே. பேசுறவுகளையும் இங்கன கூட்டிட்டு வந்து, அந்தத் தீவுல இறக்கிவிடச் சொல்றேன்" என்றார் கருத்தம்மாள். பிறகு பால்சாமியிடம் திரும்பினார். "அண்ணே, அம்புட்டுப் பேரும் கத்துறாக. நெருக்கி என்னைக் குடிக்க வச்சிருக்கலாம். உங்க மக வைக்கலை. இவளை நம்பி நான் கொல்லையையே விடுவேன், மகனை விட மாட்டேனா?"

சொல்லிவிட்டுக் கிளாஸை எடுத்தார். விளிம்பு மிளகாயைத் துடைக்கவில்லை. ஒரே மூச்சில் குடித்து முடித்துக் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது மிளகாயால்தான் என்று நாகலெட்சுமியிடம் சொன்னார். நாகலெட்சுமி அதைக் கேட்கும் நிலையில் இல்லை. அவர் கிளாஸும் அதற்குள் கவிழ்ந்திருந்தது.

பால்சாமியால் குடிக்க முடியவில்லை. இரண்டு கைகளாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிங்கய்யா. உங்களாலதான் இப்பக் கரை தெரியலை" என்றாள் மகேஸ்வரி.

அவர் குடித்தார். இருளாயி குடித்தாள். கடைசியாக வீரமணி குடித்தபோது எல்லா மேசைகளிலிருந்தும் ஊளைச் சத்தம் எழுந்தது. அடுத்தவர்கள் கல்யாணத்தில் தாங்களும் இருந்துவிட்ட சந்தோஷம் திருப்பூர்க்காரர்களுக்கு. வயிற்றைப் புரட்டிய பெண் வந்து கருத்தம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மகேஸ்வரி படியேறிப் போய்ச் சங்குக் கயிற்றை இழுத்தாள். வழக்கமாகக் கரை சேரும்போது ஒருமுறை ஊதுவார்கள். அன்று அவள் கயிற்றை விடவே இல்லை. தகரக் கூரை அதிர்ந்தது. தோப்பில் படுத்திருந்த நாய் குரைக்கத் தொடங்கியது. ஜன்னல்களில் விளக்கு பெரிதாகிப் பெரிதாகி, ஒரு முழுத் துறைமுகமாக வெளிச்சம் போட்டது.

ரிஃபாய் பழக்கதோஷத்தில் இன்னும் ஐந்து சூறைக் கிளாஸோடு வந்து நின்றார். மேசையில் காலி கிளாஸ்களைப் பார்த்ததும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"இது வேண்டாம். முன்னாடி கொட்டுனீகளே, அந்த நீலக் கலரு. அதுல அஞ்சு கொண்டாங்க. நுங்கு நிறையப் போட்டு" என்றார் கருத்தம்மாள்.

அவர்கள் கிளம்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மகேஸ்வரிக்கு அடுத்த பயணம் இருந்ததால் வாசல் வரைக்கும் வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வழியனுப்பினாள். உள்ளே யாரோ பாய்மரத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கருத்தம்மாள் அதைப் பார்த்தார். மகேஸ்வரியின் தோளில் இருந்த தங்கப் பட்டை கோணலாக இருந்தது. அதை நேராக்கிவிட்டுப் போய்ப் பால்சாமியின் வேனில் ஏறி, இருளாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நாகலெட்சுமியும் வீரமணியும் பின்னாலேயே ஏறினார்கள்.

கடலாடி வரைக்கும் இன்னொரு வேன் காலியாகப் பின்னால் வந்தது.